குரலுக்கு ஓய்வு

பேராசிரியை கருத்தரங்குக்காக வெளிநாட்டில் வந்து இறங்கியபோது சளியில் பாதிக் குரல் போயிருந்தது. கணவரின் வைத்தியத்தில் மீதியும் போயிற்று.

கணவர் டாக்டர் இல்லை. ஓய்வு பெற்ற மெடிக்கல் ரெப். டாக்டர்கள் வாசலில் தோல் பையோடு காத்துக் கிடந்தே பாதி டாக்டர் ஆகிவிட்டதாக அவருக்கு ஒரு நினைப்பு. குடியிருப்பில் நாலு பேர் அதை நம்பியும் தொலைத்தார்கள். இந்தப் பயணத்துக்கு அவர் பெட்டியில் சட்டையைவிட மாத்திரை அட்டைகள்தான் அதிகம். காலையில் மஞ்சள், மதியம் வெள்ளை, ராத்திரி இரண்டும்.

"நம்ம கம்பெனி சரக்கு. நான் வித்த காலத்துல இதுக்கு டாக்டருங்க வரிசையில நின்னாங்க."

வரிசையில் நின்றவர் யார் என்பது அவளுக்குத் தெரியும். இருந்தும் விழுங்கினாள். மறுநாள் காலை கருத்தரங்கில் அவள் கட்டுரை வாசிக்க வேண்டும். வயல் நத்தைகளைப் பற்றியது. சேற்றில் வருடக்கணக்காகக் கால் ஊறிச் சேர்த்தது. அதற்குள் குரல் வந்தாக வேண்டும். வந்தது என்னவோ, நாற்காலியைத் தரையில் இழுக்கிற சத்தம்.

ஹோட்டல் வரவேற்பில் விசாரித்துக்கொண்டு அவளே கிளினிக்குக்குக் கிளம்பினாள். செருப்புக் கடைக்கும் சலவைக் கடைக்கும் நடுவில் ஒரு கண்ணாடிக் கதவு. பின்னாலேயே வந்த கணவர், ஓய்வுக்குப் பிறகும் அச்சடித்து வைத்திருக்கிற விசிட்டிங் கார்டை மேசையில் நீட்டினார். அங்கிருந்த பெண் அதை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, ஒரு டோக்கனோடு சேர்த்துத் திருப்பிக் கொடுத்தாள்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். கிராப்பு வெட்டிய தலை, காலில் கேன்வாஸ் ஷூ.

"இது டாக்டரா, காலேஜ் பொண்ணா?" என்று தமிழில் முணுமுணுத்தார் கணவர். "இதுக்கெல்லாம் நான் சாம்பிள்கூடக் குடுத்திருக்க மாட்டேன்."

டாக்டர் அவளைப் பார்த்துக் கேட்டாள்: "காய்ச்சல் இருக்கிறதா?"

"இல்லை" என்றார் கணவர்.

"விழுங்கும்போது வலிக்கிறதா?"

"அப்படியொன்றும் இல்லை."

முள்ளாகக் குத்துகிற தொண்டை யாருடையது என்று அவளுக்கே ஒரு கணம் சந்தேகம் வந்துவிட்டது.

"என்ன மருந்து எடுத்துக்கொள்கிறீர்கள்?"

கணவர் நிமிர்ந்து உட்கார்ந்து இரண்டு பெயர்களைச் சொன்னார். டாக்டருக்குப் புரியவில்லை. காது கேளாதவரிடம் சொல்வதுபோலச் சத்தமாக மறுபடி சொன்னார். அவை ஊரில் கம்பெனிக்காரன் வைத்த பெயர்கள். இங்கே யாருக்குத் தெரியும்?

"அதற்குள் என்ன மருந்து?"

மஞ்சள் அட்டையோடு எந்த வருடம் டாக்டர்களுக்குச் சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். உள்ளே இருப்பதை அவர் ஒருநாளும் படித்ததில்லை.

பேராசிரியை கைப்பையிலிருந்து அட்டைகளை எடுத்து வைத்தாள். டாக்டர் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்தாள்.

"இரண்டிலும் ஒரே மருந்துதான். மூக்கை உலர்த்துகிறேன் என்று தொண்டையையும் காயவைத்திருக்கிறது. நிறுத்திவிடுங்கள். நிறையத் தண்ணீர் குடியுங்கள், ஆவி பிடியுங்கள். காலை வரை ஒரு வார்த்தைகூடப் பேசக் கூடாது. கிசுகிசுப்பது இன்னும் மோசம். வாய் திறக்காமல் இருந்தால் நாளைக்குக் கொஞ்ச நேரம் குரல் தாங்கும்."

"ஊசி?" என்றார் கணவர்.

"தேவையில்லை."

தெருவில் இறங்கியதும் பொரிந்து தள்ளினார். "தண்ணி குடின்னு சொல்ல ஒரு டாக்டரு! ஒரு ஊசி போடத் துப்பில்ல. சரி விடும்மா, நாளைக்கு நானே வாசிச்சுடறேன். எத்தனை சேல்ஸ் மீட்டிங்ல பேசியிருக்கேன்! நத்தைதானே? நீ பக்கத்துல நின்னு சிரிச்சுக்கிட்டு இரு, போதும். என்ன, சரிதானே?"

தலையை ஆட்டி மறுக்கலாம். மறுத்தால் ஏன் என்பார். பதில் சொல்லாவிட்டால் விட மாட்டார். பதில் சொல்லக் குரல் செலவாகும். அவள் பேசாமல் நடந்தாள்.

அவர் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டார். கல்யாணமான நாளிலிருந்து அவள் பேசாமல் இருந்ததையெல்லாம் அவர் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருக்கிறார்.

சாயங்காலம் முழுக்க ஹோட்டல் கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்தார். நத்தைகளின் லத்தீன் பெயர் வரும் இடமெல்லாம் நாக்கு மடங்கியது. "இந்தப் பேரையெல்லாம் யாரு கவனிக்கப் போறாங்க? தாண்டிப் போயிடலாம்." அந்தப் பெயர்கள்தான் கட்டுரை. வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் துண்டைப் போர்த்திக்கொண்டிருந்த பேராசிரியை, உள்ளே சத்தம் வராமல் சிரித்தாள்.

காலையில் அரங்கத்தில் அவள் பெயரை அழைத்தார்கள். கணவர்தான் முதலில் எழுந்தார். டையைச் சரிசெய்து, தொண்டையைச் செருமி, அவள் மடியில் இருந்த காகிதங்களுக்குக் கை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை. அவர் கொஞ்சம் இழுத்தும் பார்த்தார்.

"உக்காருங்க" என்றாள்.

கரகரத்தாலும் முன்வரிசை வரைக்கும் கேட்டது. இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் உட்கார்ந்தார்.

ராத்திரி முழுக்க வாய் திறக்காமல் சேர்த்துவைத்த குரலில் முதல் வார்த்தை இந்த மனுஷனுக்கா போக வேண்டும் என்ற எரிச்சலோடு பேராசிரியை மேடை ஏறினாள்.