நகுலேஸ்வரியின் வலது தோள்

இல்ஃபோர்ட்டிலும் குட்மேய்ஸிலும் கல்யாணப் பெண்ணை அலங்கரித்து வெளிக்கிடுத்த நகுலேஸ்வரியைப் பிடிப்பதற்கு மண்டபம் பிடிப்பதைவிட முந்தவேண்டும். இருபது வருடத் தொழில். கொண்டை கட்டி, பூ வைத்து, ஜடைநாகம் பொருத்தி முடிக்கும்வரை அவள் கை ஓயாது. அந்தக் கைதான் ஒரு மாசியில் மக்கர் பண்ணத் தொடங்கியது. முதலில் தோளுக்குள் ஒரு குத்து. பங்குனியில் தலைக்கு மேல் தூக்க ஏலவில்லை. சித்திரையில் சொந்தத் தலையையே இடக் கையால் வாரினாள்.

"ஹெயர் ட்ரையர் பிடிச்சுப் பிடிச்சு வந்தது" என்று அவளே தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

பிசியோதெரபி செய்யும் மயூரா தமிழ்ப் பிள்ளை. கையை மெல்லத் திருப்பிப் பார்த்துவிட்டு, தோள்மூட்டு இறுகிப்போயிருக்கிறது என்றாள்.

"ஊசி ஒண்டு போடலாம் அன்ரி. ஆனா அது கொஞ்ச நாளைக்குச் சுகரைக் கூட்டும். உங்களுக்கு டயபிட்டீஸ் இருக்கோ?"

"எனக்கோ?" நகுலேஸ்வரிக்குச் சிரிப்பு வந்தது. "ஐம்பத்திரண்டு கிலோ, பிள்ளை. சலரோகம் வாறதெண்டா என்ர மனுசனுக்கெல்லோ வரவேணும். வந்து அவற்றை வண்டி வயித்தைப் பாருங்கோ."

"மெலிஞ்ச ஆக்களுக்கும் வரும் அன்ரி. அதிலயும் எங்கட ஆக்களுக்குக் கெதியா வரும். வீட்டில ஆருக்கும் இருந்ததோ?"

"அப்பாவுக்கு. கால்விரல் ரெண்டு எடுத்தவை."

"பிள்ளை வயித்தில இருக்கேக்க உங்களுக்கு வந்ததோ?"

நகுலேஸ்வரியின் சிரிப்பு நின்றது. பதினேழு வருடங்களுக்கு முன், மகள் மிதுஷா வயிற்றில் இருந்தபோது, மூன்று மாதம் இன்சுலின் போட்டவள் அவள். பிள்ளை நாலரைக் கிலோவாகப் பிறந்தது. பிறந்த மறுநாளே அவளுக்குச் சீனி இறங்கிவிட்டது. வருடத்துக்கு ஒருமுறை இரத்தம் சோதிக்கச் சொல்லி ஒரு கடதாசியும் கொடுத்தார்கள். முதல் வருடம் நேரமில்லை. அடுத்த வருடம் மறந்துபோனாள். அதற்குப் பிறகு மறந்ததே நினைவில் இல்லை.

"அது அப்பவே போயிட்டுது" என்றாள் தாழ்ந்த குரலில்.

"திரும்பி வரக்கூடிய வருத்தம் அன்ரி. தோள் இப்பிடி இறுகிறதும் அதாலயா இருக்கலாம். சோதிச்சுப்போட்டு வாங்கோ, ஊசியைப் பிறகு பாப்பம்."

சீனியின் மூன்று மாதச் சராசரி காட்டும் இரத்தச் சோதனை அறுபத்து மூன்று என்று வந்தது. அங்கத்தைய அளவில் நாற்பத்தெட்டைத் தொட்டாலே சலரோகம். உறுதிப்படுத்த இன்னொரு தடவை எடுத்தார்கள். அறுபத்திரண்டு. கண்ணுக்குள் எடுத்த படத்தில் இரத்தம் கசிந்த சிறு புள்ளிகள் மூன்று இருந்தன. தோளுக்குக் கூட அவள் அவ்வளவு பயப்படவில்லை. மை எழுதும் தொழில்காரிக்குக் கண்ணில் புள்ளியா?

"இப்போது பார்வைக்குப் பாதிப்பில்லை" என்றாள் தாதி. "சீனியும் பிரஷரும் கட்டுக்குள் இருந்தால் இது கூடாமல் நிற்கும். கண், சிறுநீரகம், கால் நரம்பு மூன்றையும் வருடா வருடம் பார்ப்போம்."

"ஒரு வருசமும் தவறவிட மாட்டன்" என்றாள் நகுலேஸ்வரி. நாள்காட்டியில் அப்போதே எழுதினாள்.

கணவர் பாலேந்திரா பெற்றோல் நிலையத்தில் நாள் முழுக்கக் கதிரையில் இருப்பவர். அவரையும் இழுத்துக்கொண்டு போய்ச் சோதித்தாள். முப்பத்தெட்டு. ஒன்றுமில்லை.

"பாத்தியே?" என்று அவர் வயிற்றைத் தட்டிக் காட்டினார்.

"இந்த வருசம் தப்பிட்டியள். அந்த வண்டியோட எத்தினை வருசம் தப்புவியள்? எழும்புங்கோ, நடக்க."

அன்றிலிருந்து சாப்பிட்டதும் இருவரும் அரை மணித்தியாலம் நடந்தார்கள். விடியவே மூன்று கரண்டி சீனியோடு பால் விடாத தேத்தண்ணி, பிறகு மூன்று மணிக்கு மண்டபத்தில் மலைபோலச் சோறு என்பதுதான் அவளுடைய இருபது வருடக் கல்யாண வீட்டுச் சாப்பாடு. அதை விட்டாள். அவித்த கடலையும் முட்டையும் கைப்பையில் போயின. சீனிக்குத் தந்த குளிசையும் தவறாமல் விழுங்கினாள்.

ஆவணியில் கிங்ஸ்பரியில் றூபினி என்ற பெண்ணின் கல்யாணம். பெண் நல்ல உயரம். நகுலேஸ்வரியின் கை இன்னும் தோள் மட்டத்தைத் தாண்டவில்லை.

"பிள்ளை, நிலத்தில குசன் போட்டு இருங்கோ. எனக்குக் கை மேல வராது. சலரோகத்தால வந்தது."

பெண்ணின் தாய்க்கு முகம் மாறியது. "அப்ப வேறை ஆரையும் கூப்பிடுவமோ?"

"உங்கட மகளின்ர தலை கீழ வந்தாப் போதும் அக்கா. என்ர கை மேல போகத் தேவையில்லை."

கதிரையில் தான் ஏறி இருந்துகொண்டு ஒன்றரை மணித்தியாலத்தில் முடித்தாள். ஒரு முடி பிசகவில்லை. தாய் பெண்ணைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, இளையவளின் கல்யாணத்துக்கும் தைமாதம் வரவேண்டும் என்று அங்கேயே கேட்டுவைத்தாள்.

சீனி இறங்கிய பிறகு மயூரா சொன்ன ஊசியும் போட்டாயிற்று. அந்த வாரம் சீனி ஏறும் என்று தெரிந்திருந்ததால் அவள் பதறவில்லை. பயிற்சிதான் பெரிய வேலை. சுவரில் விரல்களை நடக்கவிட்டு, நாளுக்குக் கொஞ்சமாய் மேலே ஏற்றவேண்டும். நோவில் கண்ணீர் வந்த நாட்களும் உண்டு. விடவில்லை.

பயிற்சி தொடங்கிப் பதினான்கு மாதம் கழித்துக் கை முக்கால்வாசி மேலே போனது. சீனி நாற்பத்தைந்து. கண்ணில் புள்ளிகள் கூடவில்லை. சலரோகம் முழுக்கச் சுகமாகி மாறிவிட்டதா என்று பாலேந்திரா கேட்டார்.

"மாறேல்லை. என்ர சொல்லுக் கேக்குது, அவ்வளவுதான்" என்றாள் நகுலேஸ்வரி. அடுத்த ஆவணிக்கு ஒன்பது கல்யாணம் ஒப்புக்கொண்டிருந்தாள்.