சப்பாத்தைக் கழற்றிவிட்டு வந்தவர்கள்

அல்பேட் அண்ணை வேட்டைக்காரரைச் சோதிக்கிற அரசாங்க அதிகாரிகளைப் பற்றிப் பேசத் தொடங்கினால் சோறு ஆறிப்போகும். நாங்கள் பிழைக்க வந்த குளிர்நாட்டில், சென்ட் லோரன்டில் கதவுக் கைப்பிடி செய்யும் ஒரு தொழிற்சாலையில் நாங்கள் இருவரும் வேலை செய்தோம். எங்களுக்கு வேட்டை பழக்கியவன் அங்கே மெஷின் திருத்தும் வெள்ளைக்காரன் றெமி. லைசென்ஸ் வகுப்புக்குக் கூட்டிப் போனதும், செம்மஞ்சள் மேலங்கி வாங்கித் தந்ததும், அதிகாரிகளைத் திட்டப் பழக்கியதும் அவன்தான். பொலிஸ்காரன் உன் கார் டிக்கியைத் திறக்க ஆயிரம் காரணம் காட்ட வேண்டும், இவன்களுக்கு ஒரு மான் மயிர் போதும் என்பான். அதிகாரி உன் ஐஸ்பெட்டிக்குள் கை விடுவான், துவக்கைப் பறிப்பான், வண்டியையும் பறிப்பான், வாரண்ட் என்று கேட்டால் சிரிப்பான். அண்ணை இதையெல்லாம் பிரெஞ்சில் கேட்டு, தமிழில் இரண்டு மடங்காக்கி, ஞாயிறு பூசை முடிந்ததும் மாதா கோயில் வாசலில் நின்று எங்களுக்குப் பிரசங்கம் செய்வார்.

எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. நானும் வேட்டைக்காரன்தான். நவம்பரில் மரத்தடியில் விறைத்துப்போய் இருந்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்புகிற வேட்டைக்காரன். காடு முழுக்கத் துவக்கோடு ஆட்கள் திரியும்போது சோதிக்க ஒருவன் வேண்டாமா?

"மடியில கனமில்லாட்டி வழியில என்ன பயம், அண்ணை?" என்று கேட்பேன்.

"போடா றெனோல்ட். உனக்கொரு மான் விழுந்தாத்தானே கனம் வாறதுக்கு," என்பார். எல்லாரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன்.

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு அண்ணைக்கு விழுந்தது. லசூட் என்ற ஊர் தாண்டி ஒரு சோளக்காட்டின் ஓரம். ஆனால் விழுந்தது பெட்டை. கொம்பு வைத்த ஆண் மானுக்குத்தான் அவரிடம் லைசென்ஸ் இருந்தது. பெட்டைக்குத் தனியாகக் குலுக்கலில் பெயர் விழ வேண்டும், அந்த வருசம் அவருக்கு விழவில்லை. எனக்கு அன்று வேலை, நான் போகவில்லை. கிட்டப் போய்ப் பார்த்தவுடன் அது பெட்டை என்று அண்ணைக்குத் தெரிந்துவிட்டதாம். போன் எடுத்துத் தவறு நடந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். தானாகச் சொன்னவனிடம் கொஞ்சம் இரங்குவார்கள் என்று றெமியே சொல்லியிருக்கிறான்.

அண்ணை அதைத் தறப்பாளில் சுருட்டி தன் வான் வண்டியில் போட்டுக்கொண்டு பியர்பொன்ட்ஸில் இருந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தார். கராஜில் வைத்து உரித்தார். ஊரில் ஆடு அடித்துப் பங்கு போடுவது போல எல்லாவற்றையும் சின்னதாக வெட்டி, ஈரலும் எலும்பும் கொழுப்பும் ஒவ்வொரு பங்கிலும் வரும்படி கலந்து, பை பையாகக் கட்டினார். சுட்ட மானைப் பதிகிற இடத்தில் கொண்டுபோய்க் காட்டிய பிறகுதான் இப்படி வெட்டலாம் என்பது சட்டம். பங்கு போட்டால் அது ஆணோ பெட்டையோ கடவுளுக்குத்தான் தெரியும் என்பது அண்ணையின் கணக்கு. பதியாத இறைச்சி எதுவானாலும் குற்றம்தான் என்பது அந்தக் கணக்கில் வரவில்லை. வழியில் யாரோ வானின் நம்பரைப் பார்த்து அதிகாரிகளிடம் சொல்லிவிட்டார்கள் என்பதும் வரவில்லை.

சில நாள் கழித்து ஒரு பின்னேரம் இரண்டு அதிகாரிகள் வந்து கதவைத் தட்டினார்கள். அண்ணை வேலையில் நின்றார், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். வீட்டில் இருந்தது அவருடைய மனைவி யோசெப்பின் மச்சாள் மட்டும். புவாண்ட்-கிளேரில் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்குகிற வேலை அவருக்கு, அன்று லீவு. மச்சாள் உரத்துக் கதைத்து நான் கேட்டதே இல்லை. உள்ளே வரலாமா என்று அவர்கள் மச்சாளுக்கு விளங்கும்படி மெதுவான பிரெஞ்சில் கேட்டார்கள். மச்சாள் கதவை அகலத் திறந்தார். பிறீசரைப் பார்க்கலாமா என்று கேட்டார்கள். கீழே கூட்டிப்போய் மூடியைத் தானே தூக்கிப் பிடித்தார். பைகளில் என்ன? மான். யார் சுட்டது? என் மனுசன். அவர்கள் எழுதிக்கொண்டிருக்க, மச்சாள் தேத்தண்ணி ஊற்றி விசுக்கோத்தும் வைத்தார்.

இதில் ஒரு கூத்து இருக்கிறது. காட்டிலும் வண்டியிலும் இஷ்டத்துக்குக் கை வைக்கிற அந்த அதிகாரி, ஆட்கள் குடியிருக்கும் வீட்டுக்குள் மட்டும் வாரண்டோ வீட்டுக்காரரின் சம்மதமோ இல்லாமல் கால் வைக்க முடியாது. வேண்டாம் என்று மச்சாள் ஒரு சொல் சொல்லியிருந்தால் அன்றைக்குத் திரும்பிப் போயிருப்பார்கள். இத்தனை காலம் அதிகாரிகளின் அதிகாரத்தைப் பற்றி ஊருக்கு உபதேசம் செய்த மனிதன், அது எந்த வாசலில் முடிகிறது என்று தன் வீட்டில் சொல்லிவைக்கவில்லை. அவருக்கே தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

வானும் துவக்கும் பறிபோயின. வழக்கு முடிந்தால்தான் வான் திரும்புமா என்று தெரியும். சனி ஞாயிறுகளில் ஒரு தமிழ்க் கடைக்கு அந்த வானில்தான் அண்ணை சாமான் ஏற்றினார், வீட்டுக் கடன் அந்த உழைப்பில்தான் கட்டுப்பட்டது. கோபம் முழுவதும் மச்சாளின் தலையில் இறங்கியது.

"தேத்தண்ணியும் ஊத்திக் குடுத்தவவாம்! கேக்கும் வெட்டியிருக்கலாமே!" என்று என் முன்னாலேயே கத்தினார்.

மச்சாள் கோப்பை கழுவிக்கொண்டு நின்றார். "யூனிபோமோட வந்து நிண்டு கேக்கினம். என்னெண்டு மாட்டன் எண்டு சொல்லுறது?"

"வாயால!" என்றார் அண்ணை.

அண்ணை பிடித்த வழக்கறிஞர் கேட்டது ஒன்றுதான். வீட்டுக்குள் வர உங்கள் மனைவி சம்மதித்தாரா? சம்மதம் இல்லாமல் நுழைந்திருந்தால் பிறீசரில் எடுத்த இறைச்சியைச் சாட்சியாகக் காட்ட முடியாது, வழக்கு விழுந்துவிடும். மிச்சத்தை றெமியும் அண்ணையும் சேர்ந்து யோசித்தார்கள். கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள் என்று உன் மனைவியைச் சொல்லச் சொல், அவன்கள் அப்படிச் செய்கிறவன்கள்தான் என்று எந்த வேட்டைக்காரனைக் கேட்டாலும் சொல்லுவான் என்றான் றெமி. அன்றிலிருந்து குசினி மேசையில் அண்ணை மச்சாளுக்குப் பாடம் எடுத்தார். ஒருநாள் நானும் அங்கே இருந்தேன்.

"இஞ்சேரும், சொல்லும் பாப்பம். அவை வந்து என்ன செய்தவை?"

"கதவைத் தள்ளிக்கொண்டு வந்தவை."

"நீர் என்ன சொன்னனீர்?"

"மனுசன் வரட்டும், நில்லுங்கோ எண்டனான்."

"அவ்வளவுதான். அதுக்கு மேல வாயைத் திறக்காதையும்."

"பைபிளில கை வைச்சோ சொல்ல வேணும்?" என்று மச்சாள் கேட்டார்.

"இஞ்ச பைபிள் இல்லை. உண்மை சொல்லுவன் எண்டு சொன்னாக் காணும்."

"எனக்கு ரெண்டும் ஒண்டுதான்."

நான் பொறுக்க மாட்டாமல், "விடுங்கோ அண்ணை, குத்தத்தை ஒப்புக்கொண்டு தெண்டத்தைக் கட்டுவம்," என்றேன். "போற வான் உன்ரையோ?" என்றார். அது என்னுடையதில்லைத்தான். மச்சாள் அந்தப் பொய்யைச் சொன்னால் வான் வரும், சொல்லாவிட்டால் போகும். அவர் ஒரு மாதமாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்று பிள்ளைகள் எனக்குச் சொன்னார்கள்.

வழக்கு வசந்தத்தில் வந்தது. நீதிமன்றத்தில் ஒரு சின்ன அறை. அண்ணைக்குப் பின்னால் நானும் றெமியும் இருந்தோம். முன்வரிசையில் அந்த இரண்டு அதிகாரிகளும் இருந்தார்கள். நரைத்த மீசை வைத்த மூத்தவர் மச்சாளைக் கண்டதும் தலையசைத்தார், மச்சாளும் அசைத்தார். அண்ணையின் முகம் கறுத்தது. மொழிபெயர்க்க வந்தவள் சிவாஜினி என்ற யாழ்ப்பாணத்துப் பெண்.

வழக்கறிஞர் கேட்டார். சிவாஜினி தமிழில் சொன்னாள். "அண்டைக்கு அவை எப்பிடி அக்கா உங்கட வீட்டுக்குள்ள வந்தவை?"

மச்சாள் அண்ணையைப் பார்த்தார். பிறகு கைகளைப் பார்த்தார்.

"கதவைத் தள்ளிக்கொண்டு வந்தவங்கள்."

இறுகியிருந்த அண்ணையின் தோள் தளர்ந்தது. வழக்கறிஞர் தாளைத் திருப்பினார். ஆனால் மச்சாள் நிறுத்தவில்லை.

"தட்டினவங்கள். அப்பா சேட்டைப் போட்டுக்கொண்டு வாறன் எண்டவர். அதுக்கிடையில கதவை உடைச்சுப்போட்டாங்கள். தம்பி நிலத்தில பாயில படுத்திருந்தவன். அவன்ர கைக்கு மேல சப்பாத்துக் காலோட ஏறி நடந்தாங்கள். அப்பா ஏன் எண்டு கேட்டவர். ஏன் எண்டு கேட்டதுக்குத் துவக்குப் பிடியால வாயில அடிச்சவங்கள். அம்மா காலில விழுந்தவ. அவரை இழுத்துக்கொண்டு போயிட்டாங்கள். பேந்து நாங்கள் அப்பாவைக் காணேல்லை."

சிவாஜினி பின்னாலேயே பிரெஞ்சில் சொல்லிக்கொண்டு வந்தவள் நடுவில் நின்றுவிட்டாள். வழக்கறிஞர் எங்களைத் திரும்பிப் பார்த்தார். நீதிபதி, வயதான ஒரு பெண், என்ன நடக்கிறது என்று கேட்டார்.

"அக்கா, இது எந்த வருசம்?" என்றாள் சிவாஜினி.

"தொண்ணூறு. மன்னாரில."

அவள் அதைச் சொன்னாள். நீதிபதி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, இங்கே இருக்கிற இந்த இரண்டு பேரும் எப்படி வந்தார்கள் என்று கேட்டார்.

"இவையோ?" மச்சாள் அதிகாரிகளைப் பார்த்தார். "இவை கேட்டவை. நான் வாங்கோ எண்டனான். வாசல்ல எங்கட செருப்புகள் கிடந்ததைக் கண்டிட்டு, அந்த ஐயா குனிஞ்சு சப்பாத்தைக் கழட்டிப்போட்டுத்தான் உள்ள வந்தவர். அவற்ற சொக்ஸில ஒரு ஓட்டை." நீதிபதியின் பக்கம் திரும்பினார். "அந்த ஆமிக்காரங்கள் செய்ததை இவையின்ர தலையில போட எனக்கு வாய் வரேல்லை."

மீசைக்காரர் தன் காலைக் குனிந்து பார்த்தார். நான் அழுதேன் என்றே சொல்லிவிடுகிறேன்.

தீர்ப்பு அன்றைக்கே வந்தது. சம்மதத்தோடுதான் நுழைந்தார்கள், இறைச்சி சாட்சிதான். வான் போனது போனதுதான், துவக்கும் அப்படியே. சில வருசங்களுக்கு அண்ணை லைசென்ஸ் எடுக்கக் கூடாது.

வெளியே நடையில் றெமி என்னைப் பிடித்து நிறுத்தினான். அவன் முகமும் நன்றாக இல்லை. ஒருத்தன் சப்பாத்தைக் கழற்றினான் என்பதற்காக அவர்கள் கையில் இவ்வளவு அதிகாரத்தைக் கொடுத்து வைப்பதா, நாளைக்குக் கழற்றாத ஒருவன் வந்தால் என்ன செய்வாய் என்று கேட்டான். அதிகாரத்தைத் திட்டுகிற றெமியின் பேச்சில் எனக்கு முதல்முறையாக ஞாயம் தெரிந்தது. அந்த அப்பாவின் மடியில் என்ன கனம் இருந்தது? சேட்டுக்கூட இருக்கவில்லை. மடியில் கனம் என்ற பழமொழியை நான் அதற்குப் பிறகு யாருக்கும் சொன்னதில்லை.

வான் இல்லை. மூன்று பேரும் கோட்-வெர்து வரை மெற்றோவில் வந்து, அங்கிருந்து பஸ் எடுத்தோம். மச்சாள் யன்னலோரம் இருந்தார், அண்ணை அவருக்குப் பக்கத்தில், நான் பின்னால். வாய் ஓயாத மனிதன் கையில் இருந்த தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பியர்பொன்ட்ஸ் கிட்டி வரும்போதுதான் வாய் திறந்தார்.

"சம்மந்தம் பேசேக்க, உம்மட அப்பா நோய் வருத்தத்தில செத்தவர் எண்டல்லோ எனக்குச் சொன்னவை."

"ஓம்."

"இவ்வளவு வருசம் நீர் எனக்கு ஒரு வார்த்தை சொல்லேல்லை."

"நீங்கள் ஒருநாளும் கேக்கேல்லை," என்றார் மச்சாள். குரலில் கோபம் இல்லை, அதுதான் கேட்கக் கஷ்டமாக இருந்தது. "அவை ரெண்டு பேரும் வாசல்ல நிண்டு கேட்டவை."

அண்ணை தொப்பியை மடியில் வைத்தார். எங்கள் தரிப்பு வந்தது. மச்சாள் எட்டி மணிக் கயிற்றை இழுத்துவிட்டு, வழிவிடுங்கோ என்று அவரிடம் சொல்லி எழுந்தார்.