ஆர்விட்டின் கோட்டில் மிச்சமிருந்த சூடு

டுலூத் நகரத்துப் பழைய துணிக் கடைகளில் எந்த உடுப்பை வாங்கினாலும், அதைக் கடைசியாகப் போட்டவரின் உடம்புச் சூடு அதில் அப்படியே இருக்கும். துவைத்தாலும் போகாது, ஏரிக்காற்றில் காயப்போட்டாலும் போகாது. வேறொருவர் ஒரு மணி நேரம் போட்டுக்கொண்டால்தான் பழையவர் விலகிப் புதியவரின் சூடு ஏறும். ஊர்க்காரர்களுக்கு இதில் அதிசயம் ஒன்றும் கிடையாது. ஆறு மாதம் பனி கொட்டும் ஊர் என்பதால், காய்ச்சலில் செத்தவர்களின் ஸ்வெட்டர்களுக்கு எப்போதும் கிராக்கி. இரத்தசோகைக்காரர்களின் மேலங்கிகளைச் சீந்துவார் இல்லை.

லெனோர் ஹாகன் பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசையில் வேலை பார்த்தாள். அவள் புருஷன் ஆர்விட் படுக்கையில் அடுப்பு மாதிரி. அவனுக்கு முதுகைக் கொடுத்துத்தான் இருபத்திரண்டு குளிர்காலங்களைக் கழித்தாள். ஒவ்வொரு ஆகஸ்டிலும் ஏரிக்கரைப் பூங்காவில் நடக்கும் ஜாஸ் காலத்து விருந்துக்கு இருவரும் நூறு வருஷத்துக்கு முந்தைய உடுப்பில் போய் ஆடுவார்கள். அதற்கென்று அவனிடம் பாலேட்டு நிறத்தில் ஒரு கோட்டு இருந்தது. உள்துணி கிழிந்தபோது கையில் கிடைத்த பச்சை நூலால் அவள்தான் தைத்துக் கொடுத்தாள். இந்த மார்ச்சில் பனி இளகிவிட்டது, உறைந்த ஏரிமேல் மீன் பிடிக்கப் போகாதே என்று அவள் தலைபாடாக அடித்துக்கொண்டும் கேளாமல் தூண்டிலோடு போனான். பனி உடைந்தது. கரைக்குக் கொண்டுவந்தபோது அவன் கன்னத்தைத் தொட்டாள். ஏரியைத் தொட்டதுபோல் இருந்தது. அவள் கை அறிந்த கடைசி ஆர்விட் அதுதான்.

நான்காம் நாள் அவன் துணிமணி அத்தனையையும் ஆறு கறுப்புப் பைகளில் திணித்து, தேவாலயத்தின் நிலவறைக் கடையில் கொண்டுபோய் இறக்கினாள். கடையைப் பார்த்துக்கொள்ளும் பெவ் கோஸ்கெலா, சிறு வயதிலிருந்தே தோழி, பதறிப்போனாள்.

“ஒண்ணயாச்சும் வீட்டுல வச்சுக்கடி.”

“சொன்ன பேச்சு கேக்காத மனுசனோட சட்டை எனக்கெதுக்கு? யாராவது போட்டுக் கிழிக்கட்டும்.”

அந்தக் கோபம் ஜூன் வரை தாங்கியது. பிறகு ஒரு காலையில் அது இல்லை. வீடெல்லாம் தடவிப் பார்த்தாள். ஒரு கையுறைகூட மிச்சமில்லை. ஆனால் கொடுத்ததைத் திருப்பிக் கேட்கும் வழக்கம் அந்த ஊரில் கிடையாது. கேட்டால் சாகும்வரை சொல்லிக் காட்டுவார்கள். அதனால், இந்த வருஷ விருந்துக்குப் புதுசாக ஜோடிக்கப்போகிறேன் என்று ஊருக்கு அறிவித்துவிட்டுக் கடை கடையாக ஏறினாள். ஊரில் நான்கு கடைகள். துணிக்கு வாரத்துக்கொரு நிறத்தில் சீட்டுக் குத்துவார்கள். நாலு வாரத்தில் போகாதது அடுத்த கடைக்கு நகரும். நான்கு கடையிலும் போகாதது ஆகஸ்டு கடைசியில் மூட்டையாகக் கட்டப்பட்டுக் கப்பலேறும். மற்றதெல்லாம் இதற்குள் வேறு உடம்பில் ஏறியிருக்கும். விருந்துக்கு மட்டுமே உதவும் அந்தப் பாலேட்டு நிறக் கோட்டையாவது அதற்குள் பிடித்தாக வேண்டும்.

பெயருக்கு வாங்கியதே ஒரு பெட்டி நிறைந்துவிட்டது. இடுப்பு தொடைக்கு இறங்கிய, மணி கோத்த பச்சை கவுன் ஒன்று, தொண்ணூறு வருஷத்துக்கு முன் ஆடிக் களைத்தவளின் சூட்டோடு கிடைத்தது. வார் வைத்த செருப்பு சில்லென்று இருந்தது. நீளக் கையுறையில் வலது கை மட்டும் சூடு. யாருடைய கையையோ கடைசிவரை பிடித்திருந்தவள் போலும். வாங்கி முடித்ததும் லெனோரின் கால் தானாக ஆண்கள் பகுதிக்குப் போகும். தொங்கும் கோட்டுகளுக்குள் ஒவ்வொன்றாகக் கையை விட்டு, யார் யாருடைய சூட்டையோ தொட்டுவிட்டு வெளியே வருவாள்.

“நீ கவுன் தேடுறியா, மாப்பிள்ள தேடுறியா?” என்றாள் பெவ். லெனோர் சிரிக்கவில்லை. பெவ்வுக்கு உடனே விளங்கிவிட்டது. அதன்பின் அவளும் தேடினாள். விருந்துக்கு முந்தின நாள், நான்காவது கடையில் தகவல் கிடைத்தது. அன்று காலைதான் நீலச் சீட்டுக்குப் பாதி விலை. கோட்டு விற்றுப்போயிருந்தது.

மறுநாள் மதியம் பூங்காவில் வாத்தியங்கள் தொடங்கின. லெனோர் பச்சை கவுனில் வேண்டாவெறுப்பாக நின்றாள். எலுமிச்சைச் சாறு மேசைக்கு அருகே அந்தக் கோட்டு வந்தது. உள்ளே தபால்காரர் கர்டிஸ் நைபெர்க், வேர்த்து வழிந்துகொண்டு.

“அடுப்பத் தூக்கி மாட்டுனாப்புல இருக்குங்க. யாரோடதோ தெரியல.”

“என் வீட்டுக்காரரோடது.”

அவர் முகம் செத்துப்போனது. “ஐயோ, தெரியாம வாங்கிட்டேங்க. இந்தா, கழட்டிடுறேன்.”

“எவ்வளவு நேரமாப் போட்டிருக்கீங்க?”

“அரை மணி இருக்கும்.”

லெனோர் கோட்டைத் தொட்டாள். கோட்டின் கைகள் இரண்டும் அதற்குள் நைபெர்க்காகிவிட்டிருந்தன. தோளிலும் முதுகிலும் இன்னும் ஆர்விட். பாதி புருஷனும் பாதி தபால்காரருமாக ஒரு கோட்டை வீட்டு அலமாரியில் மாட்டி என்ன செய்வது? “வேண்டாம், போட்டிருங்க. என்கூட ஆடுங்க,” என்றாள்.

ஆடினார்கள். இருபத்திரண்டு வருஷம் கை வைத்த அதே இடத்தில், இடது தோளில், கையை வைத்தாள். சூடு உள்ளங்கையில் ஏறி முழங்கைவரை வந்தது. முதல் பாட்டில் முதுகு போயிற்று. இரண்டாவதில் கழுத்துப்பட்டை. மூன்றாவது பாட்டில் அவள் கைக்கடியில் மட்டும், ஒரு தட்டளவுக்கு ஆர்விட் மிச்சமிருந்தான். அப்போது அவளுக்குத் தாங்கவில்லை. தோளைப் பார்த்தே கேட்டாள்.

“மார்ச்சுல எவனாவது ஐஸ் மேல போவானா? எத்தன தடவ சொன்னேன்?”

கர்டிஸ் நைபெர்க் ஒரு அடி தவறி, மறுபடி தாளத்தைப் பிடித்தார்.

“தப்புதாம்மா,” என்றார்.

லெனோர் அந்தத் தோளில் முகத்தை வைத்து அழுதாள். பாட்டு முடிந்தபோது கோட்டு முழுக்கத் தபால்காரருடையது. நல்ல சூடுதான், ஆனால் வேறு சூடு. அவரே அதை வைத்துக்கொண்டார். அடுத்த ஆகஸ்டிலும் போட்டார்.

விருந்து முடிந்த திங்கட்கிழமை லெனோர் பச்சை கவுனை நிலவறைக் கடையில் கொடுத்தாள். பெவ் வழக்கம்போல உள்ளே கையை விட்டுப் பார்த்தாள். அடுப்புச் சூடு. சற்று நேரம் கையை வெளியே எடுக்கவில்லை. பிறகு மஞ்சள் சீட்டுக் குத்தி, குளிர் தாங்காதவர்கள் பார்க்கும் வரிசையில் மாட்டினாள்.