முந்தானையில் முடிந்த சர்க்கரை

குணசேகரனுக்குச் சாமி வந்துவிட்டதென்று வானகரத்து அம்மன் கோயில் வாசலில் கூட்டம் மொத்தமும் கன்னத்தில் போட்டுக்கொண்டது. ரேணுகா மட்டும் அவரை உற்றுப் பார்த்தாள். வேலப்பன்சாவடியில் ஒரு ஆஸ்பத்திரியின் சர்க்கரை வார்டில் நர்ஸ் வேலை அவளுக்கு. டியூட்டி முடிந்து, தோளில் பையோடு அப்படியே தீமிதி பார்க்க வந்திருந்தாள். மனிதர் வேட்டி நனைய வியர்த்துக்கொண்டிருந்தார்; கை வெடவெடத்தது, நாக்கு குழறியது. இது அவள் தினம் பார்க்கிற சாமி.

காப்புக் கட்டியவர்களுக்குத் தீ மிதிக்கும்வரை பச்சைத் தண்ணீர்தான். மகள் சுவேதாவுக்கு வரன் அமைய வேண்டுமென்று குணசேகரனும் காப்புக் கட்டியிருந்தார். போன மாசம் இன்சுலினைப் போடாமல் விட்டு, சர்க்கரை தாறுமாறாக ஏறி, மூச்சு வாங்க அவள் வார்டில் வந்து விழுந்தவர் அவர். தலையே போனாலும் ஊசியை விடக்கூடாதென்று ரேணுகாதான் கறாராகச் சொல்லி அனுப்பினாள். மனுஷன் சொல் தட்டவில்லை. காலையில் ஊசியைப் போட்டுக்கொண்டு வெறும் வயிற்றோடு வந்து நின்றுவிட்டார். பட்டினி கிடக்கிற நாளில் என்ன செய்வதென்று அவளும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. ஏறியிருந்த சர்க்கரை இப்போது பாதாளத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

அவர் கையில் கோயில் சாட்டை இருந்தது. பம்பை முழங்க முழங்க, எதிரே நின்றவர்களை விளாசினார். முன்னால் நின்ற ஒரு ஆளின் புருவம் பிளந்து ரத்தம் கொட்டியது. அந்தப் புண்ணியவான் அதையும் பிரசாதமாக நினைத்துக் கும்பிட்டான். அடுத்த வீச்சு குணசேகரனின் மனைவி வசந்தகுமாரியின் கழுத்தில் விழுந்தது. அவள் நகரவில்லை. வாங்கிப் பழகிய உடம்பு.

புருஷனை வீட்டிலிருந்து வார்டில் கொண்டுவந்து சேர்த்தபோதே உதடு கிழிந்து நின்றவள்தான் அவள். கேட்டதற்கு, கோபம் வந்தால் அவருக்குக் கண் மண் தெரியாது என்று சொல்லித் தலையைக் குனிந்துகொண்டாள். ரேணுகா தனக்குத் தெரிந்த பாடத்தை ஒப்பித்தாள். "சுகர் எறங்குச்சின்னா மூள தடுமாறும்க்கா. அவரு அடிக்கல, சுகர் அடிக்குது. ஒரு வாய் சர்க்கரையக் குடுத்துட்டு பொறுத்துப் போங்க." அன்றிலிருந்து வசந்தகுமாரியின் முந்தானையில் ஒரு பிடி சர்க்கரை முடிந்தே இருக்கும்.

குணசேகரன் சாட்டையைப் போட்டுவிட்டுத் தீக்குழிப் பக்கம் திரும்பினார். கால் பின்னியது. தீக்கங்குகளை அப்போதுதான் பரப்பி முடித்திருந்தார்கள். இந்த நடையில் போனால் நாலு அடியில் முகம் குப்புற விழுவார் என்று ரேணுகாவுக்குத் தெரிந்தது. கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடி, அவர் இடுப்பைக் கட்டிப் பிடித்து இழுத்தாள். இரண்டு பேரும் மண்ணில் புரண்டார்கள்.

அவர் முழங்கை அவள் மூக்கில் இறங்கியது. மூக்கு நொறுங்கிய சத்தம் அவளுக்கே கேட்டது. அதற்குள் குணசேகரனின் தம்பி மோகன் அவள் கொண்டையைப் பிடித்துத் தூக்கினான்.

"சாமி மேலயே கைய வெக்கிறியா?" என்று விலாவில் உதைத்தான். பின்னாலிருந்தும் யார் யாரோ மிதித்தார்கள். அடி எந்தப் பக்கமிருந்து விழுகிறதென்று பார்க்க அவளுக்கு நேரமில்லை. உதைக்கு உதை மூச்சு நின்று வந்தது, ஆனாலும் அவள் பிடியை விடவில்லை.

"அக்கா, சர்க்கரையக் குடுங்க. இவரு செத்துடுவாரு," என்று வசந்தகுமாரியைப் பார்த்துக் கத்தினாள் ரேணுகா.

வசந்தகுமாரி முந்தானை முடிச்சைப் பிடித்தபடி நின்றாள். விரதம் முறிந்தால் மகளுக்கு என்ன ஆகுமோ என்று ஒரு பயம். முறியாவிட்டால் தாலிக்கு என்ன ஆகுமோ என்று இன்னொரு பயம். குணசேகரனின் கண் மேலே செருகியது. அவள் மோகனை ஒரு தள்ளுத் தள்ளிவிட்டு உட்கார்ந்து, முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள்.

ரேணுகா சர்க்கரையை விரலில் தொட்டுத் தொட்டு அவர் ஈறிலும் கன்னத்தின் உட்புறத்திலும் தேய்த்தாள். அவர் கடித்தார். எலும்புவரை இறங்கிய கடி. இவள் மூக்கு ரத்தம் அவர் நெற்றிக் குங்குமத்தில் சொட்டியது. வலியில் கண்ணீர் கொட்ட, மறு கை விரலால் தேய்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அவர் விழுங்கத் தொடங்கியதும், மிச்சத்தைத் தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினாள்.

கால் மணி நேரத்தில் கை நடுக்கம் நின்றது. வியர்வை அடங்கியது. எழுந்து உட்கார்ந்து, தம்பியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். உதைத்தவர்களெல்லாம் ஆகாயத்தைப் பார்த்தார்கள். ரேணுகா பையிலிருந்த சுகர் பார்க்கும் மிஷினை எடுத்து, அவர் விரலில் குத்தி, வசந்தகுமாரியிடம் காட்டினாள்.

"நூத்திப் பத்துக்கா. நார்மல். இனிமே பயமில்ல."

ஒரு உயிரை மீட்டுவிட்ட சந்தோஷம் அவளுக்கு. உடைந்த மூக்கோடு சிரிக்கக்கூடச் செய்தாள்.

குணசேகரன் உதட்டை நக்கினார். இனித்தது. விரதத்தை முறித்தது யாரென்று நிதானமாகக் கேட்டார். நான்தான் என்றாள் வசந்தகுமாரி. அவர் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு எழுந்தார். கால் பின்னவில்லை. குறி பார்த்து விட்டார் ஒரு அறை. வசந்தகுமாரியின் உதடு பழைய இடத்திலேயே மறுபடி கிழிந்தது.

அவள் அழவில்லை. ரேணுகா கையிலிருந்த மிஷினைப் பார்த்தாள்.

"இப்ப எவ்ளோ கீது சொன்னீங்கோ, சிஸ்டர்?"

"நூத்திப் பத்து."

"அப்போ ஊட்ல அடிச்சதும் அவருதானா?"

ரேணுகாவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. மூக்கு வலியும் விலா வலியும் அதற்கு முன்னால் ஒன்றுமில்லை. ஒரு பொம்பளையைப் பொறுத்துப் போகச் சொல்லி அனுப்பினோமே, அன்றைக்கு ஒரு சொட்டு ரத்தமாவது எடுத்துப் பார்த்தோமா?

"அளந்து பாக்காம சொல்லிட்டேன்க்கா," என்றாள். "அவருதான்."

வசந்தகுமாரி குனிந்து சாட்டையை எடுத்தாள். முதல் அடி குணசேகரனின் தோளில் விழுந்தது. இரண்டாவது காதைக் கிழித்தது. அவர் மண்டியிட்டு இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டார். பம்பைக்காரர் வேகத்தைக் கூட்டினார். இவளுக்கும் அம்மன் வந்துவிட்டாளென்று கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. மோகனும் பயபக்தியோடு கைகூப்பினான்.

"சாமி இல்லடா," என்றாள் வசந்தகுமாரி. "நான்தான்." சொல்லிவிட்டு மறுபடி ஓங்கினாள்.