பேரம் படியும் வரை

பதினோரு லட்சத்து முப்பத்தேழாயிரத்து ஐந்நூறு. அசலும் வட்டியும் சேர்ந்த அந்தத் தொகையை டிப்போ முதலாளி கூடத்தில் உட்கார்ந்து சொன்னது, உள்ளறையில் அப்பாவின் வாயோரத்தை ஈரத்துணியால் ஒற்றிக்கொண்டிருந்த மகளுக்குத் தெளிவாகக் கேட்டது. அப்பாவுக்கும் கேட்டிருக்குமோ என்று முகத்தைப் பார்த்தாள். கண் பாதி மூடியிருந்தது. ஒரு மூச்சு போனால் அடுத்தது வர நேரமெடுத்தது.

முதலாளியின் மர டிப்போவில் சுமை இறக்கியே தோள் காய்த்துப்போனவர் அப்பா. அவர் வைத்தியத்துக்கு வாங்கிய கடனுக்காக, அம்மா பெயரில் இருந்த இந்த வீட்டின் பத்திரம் முதலாளியிடம் அடமானத்தில் கிடந்தது. இன்றோடு கெடு முடிகிறது. வீடு விலை போகாவிட்டால் அவரே எடுத்துக்கொள்வார். கடனுக்குக் கீழே விலை போனாலோ வீடும் போய், பாக்கிக்கு அம்மாவும் மகளும் டிப்போவில் மரத்தூள் அள்ள வேண்டியதுதான்.

போன வாரம் வந்தவன் எட்டு லட்சம் என்றான். மகளுக்கு நாக்கு நிற்கவில்லை. “எட்டுக்குக் கதவும் ஜன்னலும் தர்றேன், கழட்டிக்கிட்டுப் போங்க” என்றாள். போனவன் போனவன்தான். அன்றைக்குப் புரோக்கர் தலையில் அடித்துக்கொண்டார்.

“தங்கச்சி, குறைச்சுக் கேக்குறவன் விரட்டுறதுக்காகக் கேக்கலை. உன் அவசரம் எவ்வளவுன்னு ஆழம் பாக்குறான். கோவப்பட்டாலும் தெரிஞ்சுடும், அழுதாலும் தெரிஞ்சுடும். விலையைச் சொல்லிட்டு அவன் உன் மூஞ்சியைப் பாப்பான். நீ வாயைத் திறக்காதே. மிச்சத்தை நான் பாத்துக்குறேன்.”

போகும்போது உள்ளறைப் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். சாவு விழுந்த வீட்டுக்கு ஆறுதல் சொல்ல ஊரே வரும், விலை கேட்க ஒருத்தன் வரமாட்டான் என்றார். பேரம் படியும் வரை அப்பாவுக்கு வெறும் காய்ச்சல் என்றே இருக்கட்டும்.

இன்றைக்கு வந்திருப்பவர் பேக்கரிக்காரர், மனைவியோடு. வந்ததிலிருந்து விரல் முட்டியால் சுவரைத் தட்டிக்கொண்டே இருந்தார். இங்கே ஓதம், அங்கே விரிசல், தளம் சரிவு. அடுக்களை மாவு பிசையக்கூடக் காணாது என்றார். ஓட்டை உடைசலெல்லாம் சொல்லி முடித்து, “ஒன்பது. அதுவே அதிகம்” என்றார்.

உள்ளே மகள் அடுத்த மூச்சுக்காகக் காத்திருந்தாள். வரவில்லை. நெஞ்சில் கை வைத்தாள். கை அசையவில்லை. தன் கைதான் மரத்துவிட்டதோ என்று கன்னத்தை வைத்துப் பார்த்தாள். தொண்டை வரை வந்ததை முந்தானையை வாயில் திணித்து அடக்கினாள்.

“உள்ளே பாக்கலாமா?” பேக்கரிக்காரரின் மனைவி திரைச்சீலையை விலக்கியபடி நின்றாள்.

மகள் போர்வையைக் கழுத்து வரை இழுத்து, அப்பாவின் இமைகளை முழுதாக இறக்கினாள். “தூங்குறாரு” என்றாள். குரல் தன்னுடையதாக இல்லை.

அந்த அம்மாள் பாவம், மெத்தென்று அடி வைத்து வந்து அலமாரியைத் திறந்து மூடினாள். பின்னால் வந்த பேக்கரிக்காரர் கட்டிலைச் சுற்றி நடந்து ஜன்னலை ஆட்டிப் பார்த்தார். அவருடைய முழங்கால் அப்பாவின் காலில் உரசியது. வாசற்படியிலேயே நின்ற புரோக்கர் கட்டிலையே பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். எத்தனையோ வீடுகளின் எத்தனையோ அறைகளைப் பார்த்த மனிதர். கையை நீட்டி மின்விசிறியை முழு வேகத்துக்குத் திருப்பினார். போர்வை படபடத்து, ஏறி இறங்கியது.

“காத்தோட்டம் பாத்தீங்களா சார்? வாங்க, அவர் தூங்கட்டும்.”

எல்லோரும் கூடத்துக்கு வந்தார்கள். மகளும் வந்து சுவரில் சாய்ந்து நின்றாள். அம்மா அவள் முகத்தைப் பார்த்தாள். பார்த்ததும் பக்கத்திலிருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

“ஒன்பதுக்கு என்னம்மா சொல்றீங்க?” என்றார் பேக்கரிக்காரர்.

மகளுக்கு வாய் திறக்கவில்லை. திறந்தால் என்ன சத்தம் வெளியே வரும் என்று அவளுக்கே பயமாக இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அவரையே பார்த்தாள்.

அவர் கழுத்தைத் துடைத்தார். “சரி, பத்தரை.”

அவள் கண் கொட்டவில்லை. டிப்போ முதலாளி செருமினார். பேக்கரிக்காரர் மனைவியைப் பார்க்க, அவள் லேசாகத் தலையாட்டினாள்.

“கல்லு மாதிரி நிக்கிறீங்களேம்மா. பன்னிரண்டே கால். இதுக்கு மேல என் கடை அடுப்பைத்தான் விக்கணும்.”

“முடிச்சுடலாம்” என்றார் புரோக்கர். அவர் நெற்றியெல்லாம் வியர்வை. அம்மா தலையை அசைத்தாள், அவ்வளவுதான்.

கடன் தொகைக்கான செக்கைப் பேக்கரிக்காரர் நேரே முதலாளியிடமே கொடுத்து, வீட்டுப் பத்திரத்தைக் கையில் வாங்கினார். அம்மா ஒப்பந்தத் தாளில் கையெழுத்துப் போட்டாள். மீதிப் பணம் கிரயத்தன்று. கூடவே வீட்டையும் அன்றைக்குக் காலி செய்து தரவேண்டும். கிளம்பும்போது பேக்கரிக்காரரின் மனைவி மகளின் கையைத் தொட்டு, அப்பாவுக்குக் கஞ்சி கொடுங்கள், உடம்பு தேறிவிடும் என்று சொல்லிப் போனாள்.

அவர்கள் படி இறங்கினார்கள். முதலாளி கடன் பத்திரத்தை இரண்டாகக் கிழித்து மேசைமேல் வைத்தார். “தீர்ந்துச்சு. அவன்கிட்ட நானே சொல்லிட்டுப் போறேன்” என்று உள்ளறைப் பக்கம் எழுந்தார்.

“வேண்டாம் முதலாளி.”

அவர் அவளைப் பார்த்தார், பிறகு அம்மாவை. மெல்லச் செருப்பைக் கழற்றிவிட்டு நின்ற இடத்திலேயே நின்றார்.

வெளியே பேக்கரிக்காரரின் கார் கிளம்ப மறுத்தது. சாவியைத் திருப்பத் திருப்ப, இருமி இருமி அணைந்தது. அம்மா இரண்டு கையாலும் வாயைப் பொத்தியிருந்தாள். புரோக்கர் கதவில் முதுகைக் கொடுத்து நின்றார். இன்னொரு முறை திருப்பும் சத்தம். இன்னொரு முறை. ஒருவழியாக இன்ஜின் பிடித்து, கார் தெருமுனை திரும்பி, சத்தம் தேய்ந்தது.

அதன் பிறகும் யாரும் அழவில்லை. உள்ளே மின்விசிறி முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது.