ரஞ்சனிக்கு மட்டும் ஒரு சொல்

பயிற்சியாளர் ஈஸ்வரனுக்கு வயிறு எரிந்தது. சும்மா சொல்லக்கூடாது, காலை டீ குடிக்கும் முன்பே எரிய ஆரம்பித்துவிட்டது. போனைத் திறந்தால் பாலக்காட்டுக் கல்லூரியின் பெண்கள் கூடைப்பந்து அணி கோப்பையும் கையுமாகச் சிரித்துக்கொண்டிருந்தது. நடுவில் அவர்களுடைய புதுப் பயிற்சியாளர் டின்சி. டின்சியின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, ஒரு தலை உயரமாக, ஸ்ரீரஞ்சனி.

அது அவருடைய அணி. கல்பாத்தியிலிருந்து கூச்சமும் கூனலுமாக வந்த அந்த உயரக்காரியைக் கூடைக்கு அடியில் நிமிர்த்தி நிறுத்தி ஆட்டக்காரி ஆக்கியது அவர்தான். நிர்வாகம் மாறியது, பெண்கள் அணிக்குப் பெண் பயிற்சியாளர்தான் வேண்டும் என்று சொல்லி அவருடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டார்கள். டின்சி உள்ளே வந்தாள். ஈஸ்வரன் மூட்டையைக் கட்டிக்கொண்டு மாட்டுப்பட்டிப் பக்கம் ஒரு மலைக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார். முதலமடை வெயிலில் வளர்ந்த உடம்பு, ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டும் நடுங்கியது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டார். ரஞ்சனி இத்தனை வருஷமும் அவரை 'சார்' என்றுதான் கூப்பிட்டாள்; டின்சியை வந்த மாசமே அக்கா முறை வைத்து 'சேச்சி' என்கிறாள். அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. பாலக்காட்டில் நடக்கப்போகும் அழைப்புப் போட்டியில் இந்த மலை அணி அந்த அணியைத் தோற்கடிக்க வேண்டும். அவர் இல்லாவிட்டால் ரஞ்சனி ஒன்றுமில்லை என்று ஊரே பார்க்க வேண்டும். அசிங்கமான ஆசை என்று அவருக்கும் தெரியும். தெரிந்தால் மட்டும் விட்டுவிட முடிகிறதா என்ன?

ஆனால் கையில் கிடைத்ததோ எஸ்டேட் பிள்ளைகள். எல்லாம் குட்டை. இருப்பதில் உயரம் கற்பகம். அவளும் ரஞ்சனியின் தோளுக்குத்தான் வருவாள். ஈஸ்வரன் விடுவாரா? பாலக்காட்டு ஆட்டத்தை அப்படியே மலையில் கொண்டுவந்து இறக்கினார். பந்தை மெதுவாகக் கொண்டு வா, நில், பார், கூடைக்கு அடியில் நிற்பவளுக்கு உயரமாகப் போடு. எல்லாம் கை ஜாடை, கண் ஜாடை. ஆட்டத்தில் கத்துவது அவருக்கு ஆகவே ஆகாது.

"ஏம் புள்ள, சந்தைக்கா வந்திருக்கறீங்க? கண்ணுல பேசோணும், வாயில இல்ல."

பாவம் கற்பகம். தலைக்கு மேலே போகிற பந்தை எக்கி எக்கிப் பிடிக்கப் பார்த்து விரல் வீங்கிப்போனாள். எரிச்சலில் அவர் அவளை இரண்டு மூன்று தரம் "ரஞ்சனி" என்றே அதட்டிவிட்டார். பிள்ளைகள் சும்மா இருக்குமா? "ரஞ்சனி, சாம்பார் வாளிய இங்கிட்டுத் தள்ளு" என்று விடுதியில் கூட ஆடும் நர்மதா கேலி செய்ய, கற்பகம் சாப்பிடாமலே எழுந்து போய்விட்டாள் என்று அவர் காதுக்கு வந்தது. அடிமாலியில் வைத்த பயிற்சி ஆட்டத்தில் அணி நன்றாக மண்ணைக் கவ்வியது.

ஒரு நாள் காலையில் மஞ்சு இறங்கியிருந்தது. மூடுபனிக்கு அங்கே அதுதான் பெயர். மைதானத்தின் இந்தக் கம்பத்திலிருந்து அந்தக் கம்பம் தெரியவில்லை. இதில் என்னத்தைப் பயிற்சி என்று திரும்பப் போனவர், பந்து தரையில் தட்டுகிற சத்தம் கேட்டு நின்றார். கூடவே குரல்கள். 'ஊவ்' என்று ஒன்று, 'தோ தோ' என்று இன்னொன்று, சீழ்க்கை மாதிரி மெல்லிசாக ஒன்று. ஒவ்வொரு குரலுக்கும் பின்னாலேயே பந்து யாரோ கையில் 'பட்' என்று போய்ச் சேர்ந்தது. ஒன்றுகூடத் தவறவில்லை.

அணித்தலைவி செல்வலட்சுமியைக் கூப்பிட்டு, இது என்ன கூத்து என்று கேட்டார்.

"மஞ்சு விழுந்தா காட்டுல ஆளு தெரியாதுல்ல சார்," என்றாள். தேயிலைத் தோட்டத்தைத்தான் காடு என்பார்கள். "கொழுந்து எடுக்கையில எங்கம்மா ஆளுகல்லாம் இப்படித்தான் கூப்பிட்டுக்குவாங்க. வீட்டுக்கு ஒரு சத்தம். சத்தம் வந்த பக்கம் நம்ம ஆளு நிக்கிதுன்னு அர்த்தம். நாங்க பந்தும் அப்படித்தான் போட்டுப் பழகுனோம். நீங்க வந்துதான் வாயத் தொறக்கக் கூடாதுன்னுட்டீங்க."

ஈஸ்வரன் வெட்கப்பட்டார் என்று நினைத்துவிட வேண்டாம். இந்த ஆட்டத்தைப் பார்த்து டின்சி முழிக்கப்போகிற முழியைத்தான் நினைத்துப் பார்த்தார். குளிர்கூடக் கொஞ்சம் விட்ட மாதிரி இருந்தது.

அன்றைக்கே ஆட்டம் மாறியது. இனி யாரும் ஓரிடத்தில் நிற்கக்கூடாது. கற்பகத்துக்குக் கூடைக்கு அடியிலிருந்து விடுதலை. பந்து வைத்திருப்பவள் யாரையும் பார்க்க வேண்டாம், காது கொடுத்தால் போதும். முதுகுக்குப் பின்னால் குரல் வந்தால் முதுகுக்குப் பின்னாலேயே போட வேண்டியதுதான். மேடும் பள்ளமும் ஓடிய கால்கள், மூச்சு வாங்கவில்லை. ஒரே ஒரு இடைஞ்சல் அவரேதான். ஓரத்திலிருந்து அவர் ஒரு சத்தம் போட்டால் பிள்ளைகள் குழம்பிப்போனார்கள்.

"செரி, இனி ஆட்டத்துல நான் ஊமைங்க. உங்க சத்தம் மட்டுந்தான்," என்றார்.

"சத்தியமா சார்?" என்றாள் கற்பகம்.

"சத்தியமா புள்ள."

அதற்கப்புறம் பிள்ளைகளுக்கு அவரைப் பிடித்துப்போனது. ஆனாலும் அவர் வாயில் எந்நேரமும் அந்தப் பெயர்தான். ரஞ்சனி இப்படிப் பிடிப்பாள், ரஞ்சனி அப்படிப் போடுவாள். கூடைக்கு முதுகைக் காட்டிப் பந்து வாங்கினால் ரஞ்சனி தானாக வலப் பக்கம்தான் திரும்புவாள். அந்த இடத்தில் கண் பந்து மேலேயே இருக்கும், ஜாடையைப் பார்க்க மாட்டாள் என்பதால் அவளுக்கு மட்டும் அவர் ஒரு சொல் வைத்திருந்தார்: 'இடது'. "இப்ப அதச் சொல்ல ஆளில்ல. நீ அவ வலப் பக்கத்த அடைச்சு நின்னுக்கோ, போதும்," என்று கற்பகத்துக்குச் சொன்னார்.

"எப்பப் பாத்தாலும் அந்தக்கா பேச்சுத்தானா சார்?" என்றாள் கற்பகம். சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மறையூர் வழியாக உடுமலை இறங்கி, பொள்ளாச்சி தாண்டிப் பாலக்காடு போய்ச் சேர்ந்தபோது வெயில் மண்டையைப் பிளந்தது. மைதானத்தில் ரஞ்சனி ஓடி வந்தாள்.

"சார், சௌக்கியமா இருக்கேளா? ரொம்ப மெலிஞ்சு போயிட்டேளே. சேச்சி நேக்கு தூரத்துலேர்ந்து எறியச் சொல்லித் தந்திருக்கா, இன்னிக்குப் பாருங்கோ."

"பாக்கறேன், பாக்கறேன்," என்றார் ஈஸ்வரன். அவர் சொல்லித் தராததை அவள் கற்றுக்கொண்டாளாம், அதையும் அவரிடமே வந்து சொல்கிறாள். டின்சி தள்ளி நின்று மரியாதையாகக் கும்பிட்டாள். அந்த மரியாதை இன்னும் எரிந்தது.

ஆட்டம் தொடங்கியது. 'ஊவ்', 'தோ தோ' என்று குரல் கிளம்பியதும் பார்த்தவர்கள் சிரித்தார்கள். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றது. பந்து போகும் இடம் யாருக்கும் பிடிபடவில்லை. உயரக்காரிகள் கையைத் தூக்கும் முன் அது வேறெங்கோ போயிருந்தது. ரஞ்சனி தூரத்திலிருந்து எறிந்து ஈடு கொடுத்தாள். ஈஸ்வரன் பல்லைக் கடித்துக்கொண்டு, சொன்ன சொல் தவறாமல் வாயை மூடி உட்கார்ந்திருந்தார். ஆனால் கண் அவர் பேச்சைக் கேட்கவில்லை. சொந்த அணி பந்தோடு ஓடினாலும் அது ரஞ்சனி எங்கே நிற்கிறாள் என்றுதான் தேடியது.

கடைசிச் சில நொடிகள். மலை அணி ஒரு புள்ளி முன்னால். பந்து கூடைக்கு அடியில் ரஞ்சனி கைக்கு வந்தது. முதுகு கூடைப் பக்கம். பின்னால் கற்பகம், சொல்லிக்கொடுத்தபடியே வலப் பக்கத்தை அடைத்துக் கல்லாக நின்றாள். இடப் பக்கம் காலியாகக் கிடந்தது. ரஞ்சனிக்கு அது தெரியவில்லை. வலது தோள் திரும்பத் தொடங்கியது. திரும்பினால் கற்பகத்தின் மேல் முட்டுவாள், ஆட்டம் முடிந்தது. இத்தனை மாசம் ஈஸ்வரன் கேட்டது இதைத்தான்.

"இடது," என்று ஒரு குரல் கேட்டது.

அது தன் குரல் என்று உறைக்க அவருக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. அதற்குள் ரஞ்சனி இடப் பக்கம் திரும்பிப் பந்தைக் கூடையில் போட்டுவிட்டாள். மணி அடித்தது, மலை அணி ஒரு புள்ளியில் தோற்றது. டின்சி கையை விரித்துக்கொண்டு வந்தாள். ரஞ்சனி அவளைத் தாண்டி நேராக ஈஸ்வரனிடம் ஓடி வந்தாள்.

"நீங்க சொன்னேள், நான் திரும்பிட்டேன் சார். இத்தனை நாள் கழிச்சும் காது கேட்டுதே," என்று மூச்சிரைக்கச் சிரித்தாள்.

அவர் ஏங்கியது அத்தனையும் எதிரே வந்து நின்றது. அவளுடைய தோளுக்குப் பின்னால் கற்பகம் இன்னும் அதே இடத்தில், அவர் நிற்கச் சொன்ன வலப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். ரஞ்சனியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வை என்னவென்று ஈஸ்வரனுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. தினமும் காலையில் போனைப் பார்க்கும்போது அவர் முகத்தில் இருப்பதுதான்.

திரும்பி வரும் பேருந்தில் பிள்ளைகள் எல்லோரும் பின் இருக்கைகளில் போய் உட்கார்ந்துகொண்டார்கள். மறையூரில் டீக்கு நின்றபோது செல்வலட்சுமி மட்டும் பக்கத்தில் வந்தாள்.

"எங்களுக்குன்னா ஊமை, அவங்களுக்குன்னா வாய் வருதாக்கும் சார்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போய்விட்டாள்.

மறுநாள் காலை மறுபடியும் மஞ்சு. பந்து தட்டும் சத்தமும் குரல்களும் வழியிலேயே கேட்டன. அவருடைய செருப்புச் சத்தம் மைதானத்தில் பட்டதும் எல்லாம் ஒரேயடியாக நின்றது. எதிரே வெறும் வெள்ளை. ஐந்து பேரும் அதற்குள்தான் இருக்கிறார்கள், ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை.

ஈஸ்வரன் செருப்பைக் கழற்றிவிட்டு நடுக்கோட்டுக்குப் போனார். பிறகு கூப்பிட்டார்.

"கற்பகம்."

சத்தமே இல்லை.

"கற்பகம், இங்கிருக்கறேன் புள்ள."

பந்து வந்தது. எந்தப் பக்கமிருந்து என்று தெரியவில்லை, நேராக நெஞ்சில் வந்து மோதியது. மூச்சு ஒரு நொடி நின்றுபோயிற்று. அந்த எறிதலில் இருந்த கோபம் முழுக்கத் தனக்கே தனக்குத்தான் என்பதில் ஈஸ்வரனுக்குச் சந்தோஷமாக இருந்தது. பந்தைக் கீழே விடாமல் பிடித்துக்கொண்டு, அடுத்த குரலுக்காகக் காத்து நின்றார்.