கோணவாயன் படம்

ஊரில் கல்யாணம் செய்துகொண்ட அத்தனை பேரையும் லட்சணமாகக் காட்டிய ஸ்டூடியோக்காரரிடம், பெற்ற மகனின் படம் ஒன்றுகூட உருப்படியாக இல்லை. இருந்த எல்லாவற்றிலும் வாயைக் கோணிக்கொண்டு, இரண்டு கண்ணையும் மூக்கு நுனிக்கு ஓட்டியிருந்தான்.

"ஆடாதீங்க, சிரிக்காதீங்க" என்று சொல்லிவிட்டு அப்பா கேமராவில் கண்ணை வைக்கும்வரை பையன் பரம சாது. பட்டனை அழுத்தும் நொடியில் வாய் ஒரு பக்கம் போய்விடும். "டேய், வாயை நேரா வைடா!" என்று தொண்டை கிழியக் கத்தியே அவர் பாதி ஆயுளைக் கழித்தார். கோணவாயன் என்ற பட்டமும் அவர் கொடுத்ததுதான். பட்டாளத்தில் சேர்ந்தால் திருந்துவான் என்று நம்பினார். முதல் விடுமுறையில் சீருடையோடு வந்து நின்றான். தோள், மார்பு, தொப்பி எல்லாம் கம்பீரம். வாய் மட்டும் பழைய வாய்.

அதுதான் கடைசிப் படம். அப்புறம் அவனைக் கடல் கடந்து அனுப்பினார்கள். யாருடைய சண்டையையோ நிறுத்தப் போன இடத்தில், ரோந்து வண்டிக்கு அடியில் கண்ணிவெடி வெடித்தது. இருபத்திரண்டு வயது.

இப்போது அவன் படித்த பள்ளிக்கூடத்து நூலகத்துக்கு அவன் பெயரை வைக்கிறார்கள். சுவரில் மாட்ட ஆளுயரப் படம் வேண்டும் என்று தலைமை ஆசிரியை வந்து சொன்னார். "உங்க வீட்ல படத்துக்கா பஞ்சம்?" என்று சிரித்துவிட்டு வேறு போனார்.

ஸ்டூடியோக்காரர் இருந்த படங்களையெல்லாம் மேசையில் பரப்பினார். உயிரையே கொடுத்தவனைப் பார்த்து ஒருத்தர் களுக்கென்று சிரித்தாலும் அவரால் தாங்க முடியாது. பட்டாளத்து அடையாள அட்டைப் படம் ஒன்று இருந்தது, தபால்தலை அளவு. பெரிதாக்கினால் வெறும் புள்ளிகள்தான் மிஞ்சின. அதிலும் ஒரு கன்னம் உப்பியிருந்தது. பல்வலி என்று எந்த அதிகாரி ஏமாந்தாரோ!

கடைசியில் சீருடைப் படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, வாயை அழித்தார். வேறு வாய் வைக்க வேண்டும், குடும்பச் சாயலும் வேண்டும். தன் வாயை வைக்கலாமென்றால் அதை மீசை மறைத்தது. கல்யாண ஆல்பத்தைப் புரட்டி, மச்சானின் உதட்டை எடுத்து ஒட்டினார். பொருத்தமாக இருக்கட்டுமென்று மச்சானின் கண்களையும் எடுத்து வைத்தார். எத்தனையோ மாப்பிள்ளைகளைத் தேற்றிய கை, கச்சிதமாகச் செய்து முடித்தது.

டீ கொண்டுவந்த மனைவி திரையைப் பார்த்துவிட்டு நின்றாள்.

"எங்க அண்ணன் எப்போ பட்டாளத்துல சேர்ந்தான்?"

நேரம் பார்த்து மச்சானும் வந்து சேர்ந்தார். கரப்பான் பூச்சியைக் கண்டால் நாற்காலி மேல் ஏறுகிற மனிதர். திரையைப் பார்த்ததும் நெஞ்சு தானாக நிமிர்ந்தது.

"அச்சு அசல் நானேதான் மாப்ளே! தாய்மாமன் ஜாடை எங்க போயிடும்? அப்படியே மாட்டிடுங்க."

அவர் போனதும் ஸ்டூடியோக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்தார். செய்த திருத்தங்களைப் பின்னாலிருந்து ஒவ்வொன்றாக நீக்கினார். மச்சானின் கண் போனது, உதடு போனது. அழித்த வாய் திரும்பி வந்து, ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது.

"வந்துட்டான்," என்றாள் மனைவி.

அவருக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "எல்லாரும் சிரிப்பாங்கடி."

"சிரிக்கட்டுமே. அவன் அதுக்குத்தானே செஞ்சான்?"

விழாவன்று பட்டாளத்து அதிகாரி, "ஒழுக்கத்துக்கே உதாரணமாக வாழ்ந்த இந்த வீரன்..." என்று பேசிக்கொண்டே படத்தை மூடியிருந்த திரையை இழுத்தார். நிமிர்ந்து பார்த்தார். கையிலிருந்த பேச்சுத் தாளைப் பார்த்தார், மறுபடியும் படத்தைப் பார்த்தார். ஸ்டூடியோக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

சீருடை வரிசையில் ஒரு சிப்பாயின் தோள் குலுங்கியது. அடக்கிப் பார்த்தான், முடியவில்லை.

"மன்னிச்சிடுங்க சார். அணிவகுப்புல எதிர்வரிசையில நின்னுக்கிட்டு இதையேதான் சார் செய்வான். நான் சிரிச்சு மாட்டிக்குவேன். அவனால நான் மைதானத்தைச் சுத்தாத நாளே இல்ல சார்!" என்று கண்ணில் தண்ணீர் வழியச் சிரித்தான்.

அதிகாரியின் மீசை துடித்தது. பிறகு மண்டபமே சிரித்தது. எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவள் பெற்றவள். சாவுச் செய்தி வந்த நாளிலிருந்து அவள் சிரித்து ஸ்டூடியோக்காரர் பார்த்ததில்லை.

முடிவில் குழுப்படம். அதை வேறு யார் எடுப்பது? படத்துக்குக் கீழே எல்லோரையும் நிறுத்தி, "ஆடாதீங்க, சிரிக்காதீங்க" என்று சொல்லிவிட்டு ஸ்டூடியோக்காரர் கேமராவில் கண்ணை வைத்தார். அத்தனை பேரும் சிலையாக நின்றார்கள். மச்சான் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டார். ஸ்டூடியோக்காரர் கேமராவை லேசாக மேலே தூக்கினார். அங்கே ஒரு முகம், வாய் கோணிக்கொண்டு நின்றது. பல வருடப் பழக்கம், அவர் வாய் முந்திக்கொண்டது.

"டேய், வாயை நேரா வைடா!"

கீழே நின்ற அதிகாரி முதல் மச்சான் வரை எல்லோரும் பதறிப்போய் வாயை நேராக்கிக்கொண்டார்கள். மேலே இருந்தவன் மட்டும், வழக்கம்போல, அப்பா பேச்சைக் கேட்கவில்லை.